ஊசி போட்டால் ‘புட்’ ஆகுமா?

பிரிட்டனுக்கு வேலைக்குப் போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்கு மார்த்தாண்டத்தில் பயிற்சி எடுக்கும் ஒரு நர்ஸ் பிள்ளை ஐந்து ஆங்கில வாக்கியங்களை எழுதி அனுப்பியிருக்கிறாள். பயிற்சி மையத்தில் ஐந்தையும் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்களாம். “சார், கிராமர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. வெர்ப்தான் தப்புன்னு சொல்றாங்க. எந்த நவுனுக்கு எந்த வெர்ப் வரும்னு ரூல் ஏதும் உண்டா, இல்ல முந்நூறு நானூறு ஜோடியை மனப்பாடம் பண்ணணுமா?” என்று கேட்கிறாள். அவளுடைய அப்பா என்னிடம் படித்தவர். அந்த உரிமையில் நீ என்றே பேசுகிறேன்.

வாக்கியங்கள் இவை. “ஐ டிட் எ மிஸ்டேக்.” “ஐ புட் இன்ஜெக்ஷன் டு த பேஷன்ட்.” “த பேஷன்ட் டிட் ஆபரேஷன் லாஸ்ட் இயர்.” “ஐ வில் புட் லீவ் டுமாரோ.” “த டாக்டர் டுக் எ டிசிஷன்.”

மக்களே, ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு உன் வீட்டு அடுக்களைக்குப் போ. அம்மா காலையில் சாயா போடுவாள், தோசை சுடுவாள், பயறு அவிப்பாள், மீன்குழம்பு வைப்பாள், சோறு வடிப்பாள். சுடுவதும் அவிப்பதும் செய்முறையைச் சொல்கிற சொற்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. குழம்பை ஏன் ‘வைக்க’ வேண்டும், சாயாவை ஏன் ‘போட’ வேண்டும்? அம்மாவைக் கேட்டால் “இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்பாள். எனக்கும் தெரியாது. ஆனால் “மீன்குழம்பு போட்டாச்சா?” என்று யாராவது கேட்டால், ஆள் வெளியூர் என்று அடுத்த நொடியே உனக்குத் தெரிந்துவிடும்.

குலசேகரம் பக்கம் விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பாய். ‘ரப்பர் பால் வெட்டப் போறாங்க’ என்கிறோம். வெட்டுப்படுவது பால் இல்லை, பட்டை. சரிவாக ஒரு சீவல் எடுத்தால், பால் அந்தக் கீறல் வழியே வழிந்து சிரட்டையில் சொட்டும். ஆனாலும் நமக்கு அது பால்வெட்டுதான். இதை அப்படியே ‘கட் மில்க்’ என்று எழுதினால் இங்கிலாந்துக்காரன் என்ன நினைப்பான்? அவன் அதே வேலையை ‘டேப்’ என்கிறான். பீப்பாயில் துளை போட்டுச் சாராயம் இறக்குவதற்கு அவன் வைத்திருந்த சொல் அது. பனை விஷயமும் அப்படித்தான். “அவரு பனை ஏறுறாரு” என்றால் அக்கானி, அதாவது பதநீர், இறக்குவது அவருடைய பிழைப்பு என்று நமக்கு அர்த்தம். அதை ‘கிளைம்ப்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால், யாரோ பொழுதுபோக்குக்கு மரம் ஏறுவதாக ஆகிவிடும்.

ஆக நீ கேட்கிற சிக்கல் ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ளது இல்லை. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது என்பது எல்லா மொழியிலும் உண்டு. இதற்கு ஆங்கிலத்தில் ‘கொலொகேஷன்’ என்று பெயர். இந்தக் கருத்தை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபெர்த். 1920-களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார் என்ற பொருளில் அவர் 1957-இல் எழுதியது இன்றும் எடுத்தாளப்படுகிறது. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் கூட்டாளிகளை விசாரிக்கிற மாதிரிதான்.

இனி உன் வாக்கியங்களுக்கு வருகிறேன். உன்னுடைய பிழைகளில் பாதி ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ‘போடு’ என்ற வினைக்கு உன் மனசு ‘புட்’ என்று ஒரு நிரந்தர ஜோடி போட்டு வைத்திருக்கிறது. நாம் எதையெல்லாம் போடுகிறோம் என்று பார். கோலம் போடுகிறோம், ஆங்கிலத்தில் அது ‘டிரா’. சாயா போட்டால் ‘மேக்’. கணக்குப் போட்டால் ‘டூ எ சம்’. சண்டை போட்டால் ‘ஹேவ் எ ஃபைட்’. ஓட்டுப் போட்டால் ‘கேஸ்ட் எ வோட்’. கடலில் வலை வீசுவதற்கும் அதே ‘கேஸ்ட்’தான், அது தனிக் கதை. கையெழுத்துப் போட்டால் வெறும் ‘சைன்’. மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் ‘டேக் எ நேப்’. லீவு போட்டால் ‘டேக் லீவ்’, விண்ணப்பம் கொடுக்கிற கட்டத்தில் ‘அப்ளை ஃபார் லீவ்’. ஊசி போட்டால் ‘கிவ் ஆன் இன்ஜெக்ஷன்’. ஒரே ஒரு ‘போடு’வுக்கு எத்தனை வினை!

நானும் இதில் விழுந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்லூரிக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் “ஐ ஆம் புட்டிங் லீவ் டுமாரோ” என்றேன். அவர் ரொம்பப் பவ்யமாக, “எங்கே வைக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். முழு அர்த்தம் எனக்குப் பிடிபட்டபோது அவர் திருவனந்தபுரம் ரயிலில் ஏறிப் போயிருந்தார்.

அதற்காக ‘புட்’டை அடியோடு விலக்கிவிடாதே. ஒரு பொருளைக் கையால் எடுத்து ஓரிடத்தில் வைக்கிற காரியமாக இருந்தால் ‘புட்’ சரியாகவே வரும். ஆனால் தனியாக வராது, ‘ஆன்’ அல்லது ‘இன்’ கூட வரும். புண்ணுக்குக் கட்டுப் போட்டால் ‘புட் எ டிரெஸ்ஸிங் ஆன்’. தையல் போட்டால் ‘புட் ஸ்டிச்சஸ் இன்’. சட்டை போட்டால் ‘புட் எ ஷர்ட் ஆன்’. லைட் போட்டால்கூட ‘புட் த லைட் ஆன்’ என்று சொல்லலாம். ஊசியை யாரும் உடம்பில் விட்டுவிட்டு வருவதில்லை, மருந்தைத்தான் கொடுக்கிறோம். அதனால் ‘கிவ்’ என்று நினைவில் வைத்துக்கொள்.

‘கட்டு’ என்பதை நாம் ‘கெட்டு’ என்போமே, அதுவும் ‘போடு’வுக்குச் சளைத்ததில்லை. நம்ம ஊரில் கல்யாணம் கெட்டுவார்கள், வீடு கெட்டுவார்கள், சாரி கெட்டுவார்கள், ஃபீஸ் கெட்டுவார்கள், சீட்டும் கெட்டுவார்கள். ஆங்கிலத்தில் முதலாவது ‘கெட் மேரிட்’, இரண்டாவது ‘பில்ட்’, மூன்றாவது ‘வேர்’, நான்காவது ‘பே’. சீட்டை எப்படிச் சொன்னாலும் அவனுக்குப் புரியாது, விட்டுவிடு.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சில இடங்களில் தமிழும் ஆங்கிலமும் பேசி வைத்த மாதிரி ஒரே பாதையில் போகின்றன. ‘பிடி’யைப் பார். மீன் பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, தீப்பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘கேட்ச்’: ‘கேட்ச் ஃபிஷ்’, ‘கேட்ச் எ பஸ்’, ‘கேட்ச் எ கோல்ட்’, ‘கேட்ச் ஃபயர்’. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது, ‘செலுத்து’. கட்டணம் செலுத்துகிறோம், கவனம் செலுத்துகிறோம், அஞ்சலி செலுத்துகிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘பே’: ‘பே ஃபீஸ்’, ‘பே அட்டென்ஷன்’, ‘பே டிரிப்யூட்’. கவனத்துக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் கேட்கிற பிள்ளைகளிடம், “நீ மட்டும் கவனத்தை எங்கே கொண்டு செலுத்துகிறாய்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். இப்படி ஒத்துப்போகிற ஜோடிகளுக்கு நேரம் செலவழிக்காதே. அவை உன்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்போது மூன்றாவது வாக்கியம். உன் தொழிலுக்கு முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். “பேஷன்ட் போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார்” என்று தமிழில் சொல்லும்போது, அந்தக் ‘கிட்டார்’ என்ற வால்தான் யார் கத்தி பிடித்தது, யார் படுத்திருந்தது என்று காட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. அங்கே வேறு வினையை எடுத்துத்தான் அதைக் காட்ட வேண்டும். டாக்டர் ஆபரேஷனை ‘பெர்ஃபார்ம்’ செய்கிறார் அல்லது ‘டூ’ செய்கிறார். நோயாளி ‘ஹேவ்’ செய்கிறார். “த பேஷன்ட் டிட் ஆன் ஆபரேஷன்” என்று நீ எழுதினால், படுத்திருந்தவரே எழுந்து யாருக்கோ வயிற்றைக் கிழித்ததாகப் பொருள்.

டெம்பரேச்சர் என்ற ஒரே நவுனை எடுத்துக்கொள். நர்ஸ் ‘டேக்ஸ்’ த டெம்பரேச்சர், அதாவது தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறாள். நோயாளி ‘ஹேஸ்’ எ டெம்பரேச்சர், அதாவது அவருக்குக் காய்ச்சல் இருக்கிறது. காய்ச்சல் இறங்காமல் இருந்தால் ‘இஸ் ரன்னிங்’ எ டெம்பரேச்சர் என்றும் சொல்வார்கள். நவுன் மாறவில்லை, வினை மாறினால் ஆள் மாறிவிடுகிறார். எக்ஸ்ரேயும் அப்படியே: எடுக்கிறவர் ‘டேக்ஸ்’, எடுத்துக்கொள்கிறவர் ‘ஹேஸ்’. ஊசியும் அப்படியே: நீ ‘கிவ்’, நோயாளி ‘ஹேவ்’. நம்ம ஊரில் ஊசி போட்டுக்கொண்டவர் “ஊசி எடுத்தேன்” என்பார். அதை அப்படியே கொண்டுபோய் ஒரு நர்ஸ் வார்டில் “ஐ டுக் த இன்ஜெக்ஷன்” என்றால், தனக்குப் போட்டுக்கொண்டாளா, தட்டிலிருந்து எடுத்துப் போனாளா, நோயாளிக்குப் போட்டாளா என்று மூன்று சந்தேகம் வரும். ஒரு ஆங்கில வாத்தியார் ‘டிட் எ மிஸ்டேக்’கைக் கேட்டு முகம் சுளிப்பதோடு விட்டுவிடுவார். இந்த ஊசி விவகாரத்தில் ஒருவருக்கு இரண்டு டோஸ் போய்விடலாம். திருத்துவதானால் முதலில் இந்த வகைப் பிழையைத் திருத்து.

பிரிட்டனில் வயசானவர்கள் வார்டில் ‘ஹேவ்’ நிறையக் காதில் விழும். பாட்டி குளிமுறியில் வழுக்கி விழுந்திருந்தால், “ஷி ஃபெல் டவுன்” என்று நாம் எழுதுவோம். தப்பில்லை. அங்கே கேஸ் ஷீட்டில் “ஷி ஹேட் எ ஃபால்” என்று இருக்கும். அதே மாதிரி, “பாட்டா, மோஷன் போச்சா?” என்று இங்கே கேட்கிறதை “ஹேவ் யூ ஓப்பண்ட் யுவர் பவல்ஸ்?” என்று கேட்பார்கள். முதல் தடவை கேட்டால் என்னத்தைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று திகைப்பாகத்தான் இருக்கும். ‘மேக் த பெட்’ என்றால் படுக்கையை விரித்து ஒழுங்காக்குவது. கட்டில் செய்வது ஆசாரியின் வேலை, ஆனால் ஆங்கிலத்தில் அதற்கும் ‘மேக் எ பெட்’தான். ‘த’வும் ‘எ’யும் ஆளைக் காப்பாற்றுகிற இடம் இது.

இனி ‘மேக்’, ‘டூ’ தகராறு. “தப்புப் பண்ணிட்டேன்” என்பதுதான் உன் “ஐ டிட் எ மிஸ்டேக்”. தமிழில் ‘செய்’யும் ‘பண்ணு’வும் இரண்டுக்கும் சேர்த்து உழைக்கின்றன. அதனால்தான் குழப்பம். உருவாக்கினால் மேக், வேலை செய்தால் டூ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாதி தூரம்தான் அது வரும். ‘டூ ஹோம்வொர்க்’, ‘டூ த டிஷஸ்’, ‘டூ பிசினஸ்’ எல்லாம் அந்த விதிக்குள் அடங்கும். ‘டூ டேமேஜ்’? சேதத்தை உருவாக்கத்தானே செய்கிறோம்? அங்கே விதி படுத்துவிட்டது.

நான் சொல்லிக்கொடுக்கிற குறுக்குவழி வேறு. வாயால் ஒன்றைச் சொல்லி, சொன்ன பிறகு அது ஒரு காரியமாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் ‘மேக்’: பிராமிஸ், கம்ப்ளெயின்ட், ரிக்வெஸ்ட், ஆஃபர், சஜஷன், எக்ஸ்க்யூஸ், அனவுன்ஸ்மென்ட், அப்பாயின்ட்மென்ட், போன் கால். சொன்னது எதிரே இருப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டியது என்றால் ‘கிவ்’: அட்வைஸ், ஆன்சர், இன்ஃபர்மேஷன், பெர்மிஷன். இதற்கும் அடங்காதவை உண்டு. கேள்வி ‘ஆஸ்க்’, பொய் ‘டெல்’, ஜோக் ‘டெல்’ அல்லது ‘கிராக்’, ஜெபம் ‘சே’, குற்றமும் பாவமும் ‘கமிட்’. மிஸ்டேக் ‘மேக்’தான். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ‘டேக்’ ஒளிந்திருக்கிறது, ஆனாலும் ‘டேக் எ மிஸ்டேக்’ என்று யாரும் சொல்வதில்லை.

அந்த ‘டேக்’கே இங்கிலாந்துக்காரனின் சொந்தச் சொத்து இல்லை. கடல் தாண்டி வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. அதற்கு முன் அங்கே ‘நிமன்’ என்று ஒரு சொல் இருந்தது, ‘டேக்’ வந்து அதைத் துரத்திவிட்டது. துரத்தியும் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது: ‘நம்’. நோயாளி கால் மரத்துப்போனது என்று சொல்லும்போது நீ கேஸ் ஷீட்டில் எழுதுகிறாயே, அதே ‘நம்னஸ்’. உணர்ச்சி ‘எடுக்கப்பட்டுவிட்டது’ என்பது அதன் பழைய பொருள்.

‘ஹேவ்’, ‘டேக்’, ‘கிவ்’, ‘மேக்’, ‘டூ’ போன்றவை நவுனோடு சேரும்போது சொந்த எடையை இழந்துவிடுகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பெர்சன் இவற்றை ‘லைட் வெர்ப்’ என்று அழைத்தார். லேசான வினை. பொருள் முழுக்க நவுனில் இருக்கும், வினை அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற சுமட்டுக்காரன் மாதிரி. அப்படியானால் ‘ஸ்விம்’ என்ற வினையே இருக்கும்போது ‘ஹேவ் எ ஸ்விம்’ எதற்கு என்று கேட்பாய். திற்பரப்பு அருவிக்குப் போய்விட்டு வந்து “குளிச்சேன்” என்று சொல்வதற்கும், “ஒரு குளி குளிச்சேன் பாரு” என்று சொல்வதற்கும் வித்தியாசம் இல்லையா? பின்னதில் அந்தக் குளியலுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது, ஒரு அனுபவிப்பு இருக்கிறது. அந்த ‘ஒரு’தான் ‘ஹேவ் எ’. அதனால்தான் ‘ஹேவ் எ சாட்’, ‘ஹேவ் எ ரெஸ்ட்’, ‘ஹேவ் எ லுக்’ எல்லாம் உண்டு, ‘ஹேவ் எ டை’ கிடையாது. ஒரு சாவு செத்துவிட்டு வந்தேன் என்று யாரும் சொல்ல முடியாதே. கனவும் ‘ஹேவ்’தான். நாம் கனவு காண்கிறோம் என்பதற்காக ‘சீ எ டிரீம்’ என்று எழுதிவிடாதே.

மனப்பாடம் பண்ணணுமா என்று கேட்டாய். வேண்டாம். ‘மேக்’ என்று தலைப்புப் போட்டு அதன் கீழே அறுபது நவுன், ‘டூ’ என்று தலைப்புப் போட்டு அறுபது என்று அச்சடித்த பட்டியல்கள் எல்லாப் பயிற்சி மையத்திலும் கிடைக்கும். அவற்றால் யாரும் தேறி நான் பார்த்ததில்லை. பேசும்போது நம் மனசில் முதலில் வருவது வினை இல்லை, நவுன். ‘இன்ஜெக்ஷன்’ என்று தோன்றிய பிறகுதான் அதற்கு என்ன வினை என்று தேடுகிறோம். அப்படியானால் நோட்டிலும் நவுன்தான் தலைப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு நவுன். ‘பிளட் பிரஷர்’ என்று எழுதி, கீழே நர்ஸ் செய்வது ‘டேக்’ அல்லது ‘செக்’, நோயாளிக்கு இருந்தால் ‘ஹேவ் ஹை’, மருந்து செய்வது ‘லோவர்’, தானாக நடப்பது ‘ரைஸ்’, ‘டிராப்’ என்று எழுது. அதன் கீழே நீ நிஜமாகப் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் போடாமல், இரண்டு வாக்கியம். வார்டில் தினமும் வாயில் வருகிற நவுன்கள் நூறு, நூற்றைம்பதுதான் இருக்கும். நைட் டியூட்டியில் ஆள் ஓய்ந்த நேரத்தில் இரண்டு பக்கம் எழுதினால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

ஓஇடி கடிதம் 180 முதல் 200 வார்த்தைக்குள் எழுத வேண்டியது. ஐந்து நிமிடம் குறிப்பைப் படிக்க, நாற்பது நிமிடம் எழுத. அந்த நேரத்தில் பட்டியல் ஞாபகத்துக்கு வராது, அந்த நோயாளிதான் ஞாபகத்துக்கு வருவார். உன் கூட்டாளிகள் யாராவது ஐயெல்ட்ஸ் என்ற பொது ஆங்கிலத் தேர்வை எழுதினால் அவர்களுக்கும் இதைச் சொல். அங்கே பேச்சிலும் எழுத்திலும் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண், கொலொகேஷன் என்ற சொல்லையே அந்த அளவுகோலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உன் ஐந்தாவது வாக்கியம் பாக்கி இருக்கிறது. “த டாக்டர் டுக் எ டிசிஷன்.” முடிவு எடுத்தார், டுக். இதை ஏன் சுழித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அமெரிக்கர்கள் ‘மேக் எ டிசிஷன்’ என்பார்கள். பிரிட்டனில் அதுவும் உண்டு, ‘டேக் எ டிசிஷன்’ என்பதும் தாராளமாக உண்டு. குளிப்பதிலும் இதே மாதிரி ஒரு பிரிவினை இருக்கிறது, அமெரிக்கன் ‘டேக் எ ஷவர்’, பிரிட்டிஷ்காரன் ‘ஹேவ் எ ஷவர்’. நீ போகப் போவது பிரிட்டனுக்கு. நாளைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அந்த ஒரு மார்க்கைக் கேட்டு வாங்கு.